போர்முனை மருத்துவர்கள் – 12: காட்டுக்குள் ஒரு கர்னல்

சென்ற வாரம் ஜாவாவில், பாண்டுங் நகரத்து ராணுவ மருத்துவமனையில் நிறுத்தியிருந்தோம். 1942 மார்ச்சில் டச்சுக்காரர்கள் ஜப்பானிடம் சரணடைந்துவிட்டார்கள். மருத்துவமனையைக் காலி செய்யச் சொல்லி ஜப்பானியர்கள் உள்ளே வந்தார்கள். இரண்டு கண்களும் இரண்டு கைகளும் போய்க் கட்டிலில் கிடந்தார் பில் கிரிஃபித்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானப்படை வீரர். இவரை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன லாபம் என்று பயனெட் நீண்டது. கட்டிலுக்கும் பயனெட்டுக்கும் நடுவே ஆறடி நாலங்குல உயரத்தில் ஒரு டாக்டர் வந்து நின்றார். நகரவில்லை. பயனெட் தாழ்ந்தது. கிரிஃபித்ஸ் போருக்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடிருந்தார்.

அந்த டாக்டர், ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவப் பிரிவின் லெப்டினன்ட் கர்னல் எட்வர்ட் டன்லப். கல்லூரித் தோழர்கள் டன்லப் டயரை வைத்துக் கேலியாகச் சூட்டிய 'வியரி' என்ற பட்டப்பெயரால்தான் உலகம் அவரை அறியும்.

இந்த வாரம் புதிதாகத் தொடரைப் பிடிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: 1907-இல் விக்டோரியா மாநிலத்தின் வாங்கரட்டாவில் பிறந்தவர். பண்ணைக் குடும்பம். மருந்துக்கடையில் தொழில் பழகி, உதவித்தொகையில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1934-இல் மருத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார். ரக்பியில் ஆஸ்திரேலிய அணிக்காக நியூசிலாந்தை எதிர்த்து ஆடியவர், குத்துச்சண்டையும் தெரியும். 1938-இல் கப்பல் மருத்துவராக லண்டன் போனார், அறுவை மருத்துவப் பட்டம் வாங்கினார். போர் வந்ததும் அங்கேயே ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். ஜெருசலேம், கிரீஸ், கிரீட், டோப்ருக் என்று சுற்றிக் கடைசியில் ஜாவா. கத்தியைப் பிடிக்க வந்தவருக்கு அங்கே கைதிகள் கூட்டம் ஒன்றுக்கே தலைமை தாங்கும் வேலை வந்து சேர்ந்தது. வயது 34.

இனிமேல்தான் கதையின் கனமான பகுதி. தமிழ் வாசகர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். டன்லப்பின் முகாமுக்குப் பக்கத்து முகாம்களில் நம் ஆட்கள் இருந்தார்கள்.

பர்மாவைப் பிடித்த ஜப்பானியப் படைக்குச் சோறும் தோட்டாவும் கடல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. 1942 ஜூனில் மிட்வே சண்டையில் ஜப்பானியக் கடற்படை பலத்த அடி வாங்கியதும் அந்தக் கடல்வழியை நம்ப முடியாமல் போயிற்று. சயாமின், அதாவது தாய்லாந்தின், பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை காட்டையும் மலையையும் கிழித்து ஒரு ரயில்பாதை போடுவதென்று முடிவானது. நீளம் 415 கிலோமீட்டர். பிரிட்டிஷ்காரர்கள் முன்பே யோசித்து, மலையையும் மழையையும் கணக்கிட்டுக் கைவிட்ட பாதை அது. ஜப்பானியரிடம் இயந்திரங்கள் குறைவு. சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் பிடிபட்ட போர்க்கைதிகள் ஏராளமாக இருந்தார்கள். மலாயாவில் ரப்பர் விற்க வழியில்லாமல் முடங்கிக் கிடந்த தோட்டங்களில் லட்சக்கணக்கான தமிழர்கள் இருந்தார்கள். கணக்கு எளிதாக முடிந்தது.

1943 ஜனவரியில் டன்லப்பின் பொறுப்பில் ஏறத்தாழ 900 ஆஸ்திரேலியர்கள் ஜாவாவிலிருந்து சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு சயாம் போனார்கள். பகலில் பெட்டி கொதிக்கும், இரவில் குளிரும், படுக்க இடமில்லாமல் முறை வைத்து உட்கார்ந்தார்கள். மாதக் கடைசியில் குவாய் நோய் ஆற்றங்கரையில் கோன்யூ என்ற இடத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். முகாம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. மூங்கில் காடுதான் இருந்தது. மூங்கிலை வெட்டிக் கொட்டகை போட்டார்கள். மார்ச்சில் அங்கிருந்து மேலே, ஹின்டோக் மலை முகாமுக்கு மாற்றினார்கள்.

டன்லப்பைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் அவருடைய அறுவை சிகிச்சைகளில் தொடங்கும். மூங்கில் மேசையும் மண்ணெண்ணெய் விளக்கும் படிக்கப் பரபரப்பாக இருக்கும் என்பதால் இருக்கலாம். என்னைக் கேட்டால் அவர் செய்த முதல் பெரிய சிகிச்சை ஒரு பணவசூல்.

கைதியாக இருந்த அதிகாரிகளுக்கு ஜப்பானியர் மாதச் சம்பளம் கொடுத்தார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு வேலைக்குப் போன நாளுக்குச் சில காசுகள். நோயில் படுத்தவனுக்குக் காசு கிடையாது, சோறும் குறையும். நோயாளிக்குச் சாப்பாட்டைக் குறைத்தால் சீக்கிரம் எழுந்து வேலைக்கு வந்துவிடுவான் என்பது முகாம் நிர்வாகத்தின் மருத்துவ ஞானம். அதிகாரிகள் தங்கள் சம்பளத்தின் பெரும்பகுதியைப் பொது நிதியில் போட வேண்டும் என்றார் டன்லப். எல்லாரும் மனமுவந்து போடவில்லை. முணுமுணுப்பும் எதிர்ப்பும் இருந்ததை அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் விடவில்லை. அந்தப் பணத்தில் ஆற்றில் படகோட்டி வரும் வியாபாரிகளிடம் வாத்து முட்டை, வெல்லம், பச்சைப்பயறு வாங்கி நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். தீட்டிய அரிசியை மட்டுமே தின்று பெரிபெரியில் கால் வீங்கியவனுக்கும், பெலாக்ராவில் தோல் உரிந்தவனுக்கும் ஒரு வாத்து முட்டை மருந்துக்குச் சமம்.

இரண்டாவது சிகிச்சை, மண்வெட்டி. கழிப்பறைக் குழியை ஆழமாக வெட்டி மூடி போட்டார்கள். குடிநீரைக் காய்ச்சாமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது. சாப்பாட்டு வரிசையில் நிற்பவன் தன் தகரத் தட்டைக் கொதிநீரில் முக்கியெடுத்த பிறகுதான் சோறு வாங்கலாம். பன்னிரண்டு மணி நேரம் கல்லுடைத்துவிட்டு வந்தவர்களிடம் மீண்டும் குழி வெட்டு, விறகு பொறுக்கு என்று சொல்ல எந்த டாக்டருக்கும் வாய் வராது. அவர் டாக்டர் மட்டுமாக இருந்திருந்தால் சொல்லியும் நடந்திருக்காது. கர்னலாகவும் இருந்ததால் நடந்தது. ராணுவ ஒழுங்கு என்று நாம் சலித்துக்கொள்ளும் சமாசாரம், கொலைக்களத்தில் சுகாதாரத் துறையாக வேலை செய்தது.

ஒவ்வொரு நாள் விடியற்காலையிலும் ஒரு சந்தை கூடும். ஜப்பானியப் பொறியாளர்கள் இன்றைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று எண்ணிக்கை சொல்லி அனுப்புவார்கள். முகாமில் எழுந்து நிற்கக்கூடியவர்கள் அதைவிடக் குறைவு. மீதியை நோயாளிகளிலிருந்து பொறுக்க வேண்டும். டன்லப் ஒவ்வொரு பெயருக்கும் வாதாடுவார். வாதம் பலிக்காத நாட்களில், நடக்க முடியாதவனைக் குழந்தையைப்போல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய்க் காவலர்கள் முன்னால் நிறுத்துவார்: இவனையா கேட்கிறீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். சில நாள் இரண்டொரு பெயர்கள் குறையும். சில நாள் அடி விழும். அடிபட்டபோதும் அந்த உயரத்தை வளைக்காமல் நின்றார் என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நாட்களில் அவருக்கே மலேரியா, சீதபேதி, பெரிபெரி, காலில் புண் எல்லாம் இருந்தன.

ஆனால் பட்டியல் பட்டியல்தான். கேட்டது முப்பது, கொடுக்க முடிந்தது இருபது என்றால், அந்த இருபதையும் தேர்ந்தெடுத்தவர் டாக்டர். யார் இன்று வேலைக்குப் போனால் சாகமாட்டான் என்று கணிக்கும் வேலை. கணிப்பு பிசகிய நாட்களும் இருந்திருக்கும். ராணுவ மருத்துவரின் பணியில் இதைவிடக் கசப்பான பகுதி எனக்குத் தெரியவில்லை. இதுவரை இந்தத் தொடரில் பார்த்த எந்தப் போர்முனை மருத்துவருக்கும் எதிரியின் ஆள்கணக்கைத் தன் நோயாளிகளைக் கொண்டு நிரப்ப வேண்டிய நிலை வரவில்லை.

ஏப்ரலிலிருந்து நிலைமை இன்னும் கெட்டது. பாதை சொன்ன தேதிக்கு முடியாது என்று தெரிந்ததும் ஜப்பானியர் வேகத்தைக் கூட்டினார்கள். 'ஸ்பீடோ, ஸ்பீடோ' என்று காவலர்கள் கத்தியதே அந்தக் காலத்துக்குப் பெயராகிவிட்டது. கோன்யூவுக்கு மேலே பாறையை இரண்டாகப் பிளந்து பாதை விட வேண்டிய இடம் ஒன்று. ஒருவன் உளிக்கம்பியைப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். துளை விழுந்ததும் வெடி வைப்பார்கள். சிதறிய கல்லைக் கூடையில் அள்ளிக் கொட்டுவார்கள். இரவிலும் வேலை நடந்தது. மூங்கில் தீயும் எண்ணெய் விளக்குகளும் எரியும் பள்ளத்தில் எலும்புக்கூடுகள் அசைவதை மேலிருந்து பார்த்த கைதிகள் அந்த இடத்துக்கு நரகத்தீக் கணவாய் என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அதே பெயர்தான்.

மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. மூங்கில் கீறிய சின்னக் காயம் நாலு நாளில் உள்ளங்கை அகலப் புண்ணாகி, சதை அழுகி, கணுக்காலுக்கு மேல் எலும்பு தெரியும். மருந்தில்லை. தீட்டிய கரண்டியால் அழுகலைச் சுரண்டி எடுப்பதுதான் வைத்தியம்; மயக்க மருந்து கிடையாது. நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். சுரண்டியும் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டும். பர்மாப் பக்கத்தில் 55-ஆம் கிலோமீட்டர் முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் என்ற இன்னொரு ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை அப்படி எடுத்தார். அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம், வான் பாக்ஸ்டெல் என்ற டச்சு மருந்தியல் நிபுணர். கிடைத்த கொக்கேயினைப் பக்குவப்படுத்தி முதுகெலும்பில் செலுத்தும் மரப்பு மருந்தாக்கிக் கொடுத்தவர் அவர்.

அதே மழையோடு வாந்திபேதியும் வந்தது. காலராவில் மனிதனைக் கொல்வது கிருமியைவிட அவன் உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீர். காலையில் பேசிக்கொண்டிருந்தவன் மாலைக்குள் கண் குழிந்து, தோல் சுருங்கி, ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுவான். போன நீரையும் உப்பையும் ரத்தக்குழாய் வழியாகத் திருப்பி ஊற்றினால் பிழைப்பான். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குப் பல லிட்டர் வேண்டும். சுத்தமான உப்புநீர் காட்டில் எங்கே கிடைக்கும்?

ஹின்டோக்கில் அதைக் காய்ச்சினார்கள். ஜப்பானிய லாரிகளிலிருந்து திருடிய பெட்ரோல் குழாய்களை மூங்கிலுக்குள் செலுத்தி, ஓடையின் குளிர்நீரை மூங்கில் வழியே ஓடவிட்டு, கொதிக்கும் நீரின் ஆவியைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தார்கள். சமையல் உப்பை அளந்து கலந்தார்கள். ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாய், ஒரு புட்டி, கூர்சீவிய மூங்கில் ஊசி. ரத்தக்குழாயைக் கீறி அந்த மூங்கிலைச் செருகினார்கள். கருவிகளைச் செய்து கொடுத்தவர்கள் பட்டாளத்தில் சேர்வதற்கு முன் கொல்லராகவும் குழாய் ரிப்பேர்காரராகவும் மெக்கானிக்காகவும் இருந்த சிப்பாய்கள். யூவன் கார்லெட், ஆர்தர் மூன் போன்ற சக மருத்துவர்கள் கூட நின்றார்கள். காலராவை அவர்கள் ஒழித்துவிடவில்லை. பலர் செத்தார்கள்; சிதையடுக்கி எரித்தார்கள். ஆனால் பிழைத்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். அந்த வருஷம் அந்தக் காட்டில் அதுவே பெரிய செய்தி.

இப்போது பக்கத்து முகாமுக்குப் போவோம்.

மலாயாத் தோட்டங்களில் 1943-இல் ஆள் சேர்த்தபோது சொன்னது இது: மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடும் இருப்பிடமும் இலவசம், குடும்பத்தையும் கூட்டி வரலாம். பால்மரக்காட்டில் வேலையில்லை, அரிசி கிடைக்கவில்லை, சிலர் நம்பிப் போனார்கள். பிறகு நம்பவும் ஆளில்லாமல் போனதும் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வந்தது. இலவச சினிமா என்று கூட்டி வந்து வெளியே லாரியில் ஏற்றிய கதைகள் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன. அதே சரக்குப் பெட்டிகள், அதே பான் போங். அங்கிருந்து காட்டுக்குள் நடை. கைக்குழந்தையோடு போன பெண்களும் அதில் உண்டு.

அவர்கள் இறங்கிய முகாமிலும் அதே மூங்கில், அதே மழை, அதே ஆறு. ஆனால் அங்கே கர்னல் இல்லை. ஆயிரம் பேருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை இல்லை. தோட்டத்தில் கங்காணியும் கிராணியும் துரையும் இருந்தார்கள்; காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்க டிரெசர் ஒருவர் இருந்தார். தோட்டத்து ஒழுங்கு மேலிருந்து வந்த ஒழுங்கு. அந்த மேல்தட்டைக் கழற்றி எடுத்துவிட்டு மனிதர்களை மட்டும் காட்டில் கொட்டினால், கழிப்பறைக் குழி எங்கே வெட்டுவது, எந்த ஓடையில் குடிப்பது, எந்த ஓடையில் குளிப்பது என்று சொல்வதற்கு ஆளில்லை. நோயாளிக்குச் சோறு மறுக்கப்பட்டால் போய்க் கேட்பதற்கும் ஆளில்லை. வாந்திபேதி அந்த முகாம்களில் புகுந்தபோது தடுக்க எதுவுமே இருக்கவில்லை. உயிர் போகாதவர்களையும் நோய்க்கு அஞ்சி அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து முகாமிலிருந்து போன வெள்ளைக் கைதிகளே பல இடங்களில் தமிழர்களின் உடல்களை அப்புறப்படுத்தினார்கள். ஹின்டோக் வட்டாரத் தமிழர்களின் நிலைமையை டன்லப்பின் நாட்குறிப்பும் சொல்கிறது. தன் ஆட்கள் இருக்கும் நரகத்துக்குக் கீழே இன்னொன்று இருப்பதைப் பார்த்த மனிதனின் எழுத்து அது.

எண்களைப் பார்ப்போம். பாதையில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். இறந்தவர்கள் 12,000-க்கும் மேல், ஐந்தில் ஒருவர். ஆஸ்திரேலியர்கள் சுமார் 13,000 பேர், இறந்தவர்கள் சுமார் 2,800. போர் முடிந்தபோது ஜப்பானியர் கொடுத்த கணக்கின்படி மலாயாவிலிருந்து போன தொழிலாளர்கள் சுமார் 78,000, பெரும்பாலோர் தமிழர்கள். இறந்தவர்கள் என்று காட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 30,000. ஓடிப்போனவர்கள் என்று இன்னும் 25,000 பேர் அளவுக்கு ஒரு வரி இருக்கிறது. காலராவும் மழையும் பிடித்த காட்டில் ஓடியவர்களில் எத்தனை பேர் வீடு சேர்ந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர் என எல்லாரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர்களின் சாவு 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

சாப்பாட்டில் கைதிகளுக்கு ஜப்பானியர் சலுகை எதுவும் காட்டவில்லை. வேலையிலும் இல்லை. சாவு விகிதத்தில் இவ்வளவு வித்தியாசம் வந்ததற்குப் பெருங்காரணம் மருத்துவரும் அமைப்பும்தான். இதில் வெள்ளைக்காரன் உசத்தி, நம்மவன் மட்டம் என்று நினைக்க எதுவுமில்லை. அதற்கு வெள்ளைக்கார முகாம்களுக்குள்ளேயே சான்று உண்டு. டன்லப்பின் முகாமில் இருந்து, பின்னாளில் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி அமைச்சரான டாம் யூரன், ஹின்டோக் அருகே வந்து தங்கிய பிரிட்டிஷ் பிரிவு ஒன்றைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வார். நல்ல கூடாரங்கள் அதிகாரிகளுக்கு, மிச்சம் சிப்பாய்களுக்கு. பொது நிதி இல்லை, சுகாதாரக் கட்டுப்பாடு இல்லை. சில வாரங்களில் அந்தப் பிரிவில் மிஞ்சியவர்கள் மிகச் சிலரே. நடுவில் ஓடியது ஒரு சிற்றோடைதான். தன்னைச் சோஷலிஸ்டாக்கியது டன்லப்பின் முகாம்தான் என்றார் யூரன்.

தமிழர் முகாம்களுக்கு மருத்துவர்கள் போகவே இல்லையா? போனார்கள், தாமதமாக. ஆள் செத்துப் பாதை நிற்கிறது என்று உணர்ந்த ஜப்பானியர் 1943 நடுவில் சிங்கப்பூர் சாங்கி முகாமிலிருந்து மருத்துவர்களும் உதவியாளர்களுமாக 'கே' படை, 'எல்' படை என்று இரண்டு குழுக்களை அனுப்பினார்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 350 பேர். அதில் மருத்துவர்கள் 45 பேர். முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு! அவர்களும் ஜப்பானின் கைதிகளே. அவர்கள் கதையை அடுத்த வாரம் தனியே பார்க்கவிருக்கிறோம்.

1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்த்தாவில் இணைந்தன. அதன்பின் டன்லப் தார்சௌ, சுங்காய் மருத்துவ முகாம்களுக்கும், 1944-இல் நக்கோன் பத்தோமில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்காகக் கட்டிய பெரிய முகாம் மருத்துவமனைக்கும் மாற்றப்பட்டார். அங்கே தலைமை மருத்துவர், முன்பு சொன்ன கோட்ஸ். சுங்காயில் கனடாக்காரர் ஜேகப் மார்கோவிட்ஸ், எடுத்த ரத்தத்தைக் கரண்டியால் கலக்கி உறைபொருளை நீக்கி அடுத்தவனுக்கு ஏற்றும் முறையைப் பழக்கியிருந்தார். இந்த ஆண்டுகளில் மருந்தும் பணமும் கிடைத்த வழிகளில் முக்கியமானவர் காஞ்சனாபுரியைச் சேர்ந்த தாய் வியாபாரி பூன் போங். காய்கறிக் கூடைக்குள் மருந்தை ஒளித்து முகாமுக்கு அனுப்பியவர். பிடிபட்டிருந்தால் குடும்பத்தோடு தலை போயிருக்கும்.

இப்படிப் பலர் இருந்தும் பெயர் நின்றது டன்லப்புக்குத்தான். நூற்றுக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்தார்கள். அறுவைத் திறமையில் கோட்ஸ் அவருக்கு எந்த வகையிலும் குறைந்தவரில்லை. மற்ற மருத்துவர்கள் மறைந்து டன்லப் ஒருவரே நின்றுவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. உயரம், ரக்பி, பயனெட் முன் நின்ற கதை எல்லாம் ஒரு நாயகனுக்கு வேண்டிய லட்சணங்கள். அதற்கும் மேல் ஒரு காரணம், அவர் எழுதினார். சோதனைகளுக்குத் தப்பித் தாள்களை ஒளித்து, யார் வந்தார், யாருக்கு என்ன நோய், யார் இறந்தார், எத்தனை முட்டை வாங்கினோம் என்று நாள்தோறும் குறித்தார். போர் முடிந்தும் நாற்பது ஆண்டுகள் அதை வெளியிடவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் உயிரோடிருக்கிறார்கள், பழைய வெறுப்பைக் கிளற வேண்டாம் என்ற எண்ணம். 1986-இல்தான் அச்சானது.

1945 நவம்பரில், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த ஹெலன் ஃபெர்குசனை மணந்தார். மெல்பர்னில் உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய் அறுவையில் பெயர் எடுத்தார். முன்னாள் கைதிகளின் ஓய்வூதியத்துக்கும் சிகிச்சைக்கும் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுவது இறுதிவரை அவருக்கு இரண்டாவது தொழில். கொழும்புத் திட்டத்தின் கீழ் தாய்லாந்து, இலங்கை, இந்தியா வந்து ஆலோசகராக வேலை பார்த்தார். 1969-இல் தென் வியட்நாமில் ஆஸ்திரேலிய அறுவைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்; அதே ஆண்டு சர் பட்டம். பின்னாளில் அவர் பெயரையும் பூன் போங் பெயரையும் சேர்த்து ஒரு நிதி அமைந்தது. தாய்லாந்தின் இளம் அறுவை மருத்துவர்கள் அதில் ஆஸ்திரேலியா போய்ப் பயிற்சி பெறுகிறார்கள்.

ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. ஹின்டோக்கில் கைதிகள் பல்லி என்று வெறுப்போடு அழைத்த காவலன் ஒருவன் இருந்தான். ஹிரோமுரா என்ற ஜப்பானியப் பெயர் சுமந்த கொரிய இளைஞன்; உண்மைப் பெயர் லீ ஹாக் ரே. நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி வேலைக்கு விரட்டியவன். ஜப்பானின் அடிமை நாட்டிலிருந்து ஜப்பானின் கைதிகளை அடிக்க அனுப்பப்பட்டவன், வயது பதினெட்டுதான். 1947-இல் மரண தண்டனை விதித்து, பின்பு இருபது ஆண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். 1991-இல் கான்பராவில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு அந்த லீ வந்தார். டன்லப் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு ஒரு தங்கக் கடிகாரத்தைக் கொடுத்தார். டன்லப் வாங்கிக்கொண்டார். முகாமில் இருந்த எல்லாரும் அப்படி வாங்கியிருக்க மாட்டார்கள். வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கும் உரிமையில்லை.

1993 ஜூலை 2 அன்று டன்லப் மெல்பர்னில் இறந்தார். அரசு மரியாதையோடு நடந்த இறுதிச் சடங்கில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவருடைய அஸ்தியில் ஒரு பகுதி தாய்லாந்துக்கு வந்தது. மெல்பர்னிலும் கான்பராவிலும் சிலை உண்டு. ஆஸ்திரேலியாவின் ஐம்பது சென்ட் நாணயம் ஒன்றிலும் அவர் முகம் இருக்கிறது. ஃப்ளானகன் என்ற எழுத்தாளர், டன்லப்பின் ஆட்களில் ஒருவராக இருந்தவரின் மகன், இந்த ரயில்பாதையை வைத்து எழுதிய நாவலுக்கு 2014-இல் புக்கர் பரிசு கிடைத்தது. 'குவாய் நதிப் பாலம்' என்ற 1957-ஆம் ஆண்டுப் படத்தை உலகமே பார்த்தது. எடுத்த இடம் இலங்கையின் கிதுல்கல. அந்தப் படத்தில் தமிழ்த் தொழிலாளிக்கு இடமில்லை.

காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், பிரிவு, வயது எல்லாம் உண்டு. எழுத முடிந்ததற்குக் காரணம், டன்லப் போன்றவர்கள் முகாமில் வைத்திருந்த பெயர்ப் பட்டியல்கள். அதே ஊரில் 1990-இல் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான ஆசியத் தொழிலாளர்களின் எலும்புக்கூடுகள் மொத்தமாகக் கிடைத்தன. ஒன்றுக்கும் பெயரில்லை.

மலேசியாவிலோ தமிழ்நாட்டிலோ உங்கள் குடும்பத்தில் 'சயாமுக்குப் போனவர்' என்று ஒருவரைப் பற்றிப் பேச்சு இருந்திருந்தால், வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த வருஷம், யாரோடு போனார், திரும்பினாரா என்று எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலை இனி நாம்தான் தயாரிக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: 'கே' படை, 'எல்' படை – தமிழர் முகாம்களுக்குப் போன மருத்துவர்கள்)